இடப்பக்க வளைவு

கண்டி,
3-5-1936

ருக்கியாவுக்கு,

ஸலாம். நீ உம்மா வீட்டுக்குப் போய்விட்ட செய்தியைக் கடையில் வேலை செய்யும் நஸீம் சொல்லித்தான் நான் அறிய வேண்டியிருந்தது. உன் கூடப்பிறந்த நானா மக்கீன் உன்னைக் கலகெதர பஸ்ஸில் ஏற்றியதை அவன் கடை வாசலில் நின்று பார்த்தானாம். பெண்சாதி கோபித்துக்கொண்டு போவதைத் தெருவே பார்க்கும்படி செய்யத்தான் வேண்டுமா என்று உன் நானாவிடம் கேட்டுச் சொல்.

அன்று நான் பேசியது கோபத்தில் பேசியது. மோட்டார் சைக்கிள் பரீட்சையில் கவிழ்ந்து, முழங்கால் தோல் உரிந்து, போகம்பறை மைதானத்துச் சேற்றோடு றமீஸா ராத்தா வீட்டுப் படியேறி வந்த மனிதன் வேறு எப்படிப் பேசுவான்? நீதான் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும்.

பழைய முறை இருந்திருந்தால் இந்நேரம் லைசன் என் கையில். உன் நானா போன வருடம் எடுத்தபோது பரீட்சைத் துரை இடப்பக்கத்துச் சைட்கார்ப் பெட்டியில் ஏறி உட்கார்ந்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, வாவியை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். தொப்பி பறக்காமல் திரும்பி வந்தால் போதும், லைசன். இந்தச் சித்திரையிலிருந்து எல்லாம் தலைகீழ். துரை ஏறுவதில்லை. சைட்காரில் ஆளோ சாமானோ இருக்கக்கூடாது. ஓட்டுபவன் தனியாக ஓட்ட, அவர் ஓரமாக நின்று பார்ப்பார். மைதானத்தில் எட்டுப் போட வேண்டும். ஹந்தானை ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்து, மேலே திரும்பி இறக்கத்தில் வர வேண்டும். மூன்று முறை தவறியவன் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. எனக்கு ஒரு முறை போய்விட்டது.

முதலாளி ஜூன் முடியும்வரை தவணை சொல்லியிருக்கிறார். அதற்குள் லைசன் வந்தால் கம்பளை, மாத்தளைப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போய் விளக்குக்கும் சிம்னிக்கும் ஓடர் எடுக்கும் வேலை எனக்கு. வராவிட்டால் அவருடைய மருமகன் றிஸ்விக்கு. அவன் பொழுது விடிந்தால் கடை வண்டியைத் துடைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

நீ தைத்துக் கட்டிய பச்சைத் திரை சைட்காரில் அப்படியே இருக்கிறது. கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது, வந்து கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
ஹாஷிம்

*

கலகெதர,
8-5-1936

மச்சானுக்கு,

ஸலாம். கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்க மறந்துவிட்டீர்கள், பரவாயில்லை, நானே சொல்லிவிடுகிறேன். உம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உங்கள் முழங்காலை நினைத்துக்கொள்கிறேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் காய்ச்சிப் போடுங்கள். உங்கள் ராத்தா றமீஸா மதினி காய்ச்சித் தருவார், அவரிடம் மஞ்சளுக்குக் குறைவில்லை.

கோபத்தில் பேசியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். என்ன பேசினீர்கள் என்பதை எழுதவில்லை. நான் எழுதுகிறேன். றமீஸா மதினி, அவரைக் கட்டிய மாப்பிள்ளை, மக்கீன் நானா, தேத்தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டு றிஸானா, இந்த நாலு பேர் முன்னால் சொன்னீர்கள்:

“இவ ஏறிக் குந்தினதாலதான் எனக்கு வண்டி படியல்ல. இனி அதுல ஏறவும் வேணாம், என்ட கண்ணுல படவும் வேணாம்.”

றிஸானா தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் எடுக்கவும் தெரியாமல் நின்றாள். நானும் அப்படித்தான் நின்றேன்.

என்னை ஏறி உட்காரச் சொன்னது யார், மச்சான்? வியாபாரியின் வண்டி வெறுமையாக ஓடினால் பறக்கத்தும் விருத்தியும் போய்விடும், காலையில் ஏற்றுவதற்குச் சாமானும் இல்லை, நீயாவது ஏறு என்று கூப்பிட்டது நீங்கள்தான். சரி, அது நம் ஆட்களின் வழக்கம், நானும் மறுக்கவில்லை. மூன்று மாதம், விடியலில் சுபஹு தொழுததும் தொழாததுமாக, நீங்கள் ஓட்ட, லைசன் உள்ளவர் கூடவே இருக்க வேண்டும் என்ற சட்டத்துக்காக அப்போது கண்டியில் தங்கியிருந்த மக்கீன் நானா உங்கள் பின்னால் உட்கார, நான் திரைக்குள்ளே குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தேன். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வாவிக்கரையில் திரும்பும்போது நீங்கள் இந்தப் பக்கமாகச் சாய்ந்து, திரைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, “பயமா ஈக்குதா?” என்று கேட்பீர்கள். இல்லை என்பேன். அந்த நேரங்களில் எனக்கு உங்கள்மேல் இருந்த பிரியத்தை இப்போது எழுதினால் அது உங்கள் தலைக்கு ஏறிவிடும், அதனால் எழுதவில்லை.

வந்து கூட்டிவருகிறேன் என்கிறீர்கள். நாலு பேர் முன்னால் போட்ட பேச்சைக் கடிதத்தில் அழிக்க முடியாது. நாலு பேர் முன்னால்தான் அழிக்க வேண்டும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.

ருக்கியா

*

கண்டி,
20-5-1936

ருக்கியாவுக்கு,

ஸலாம். உம்மாவின் இருமலை விசாரித்ததாகச் சொல். மஞ்சள் போட்டேன்.

நேற்று இரண்டாவது முறையும் போய்விட்டது. எட்டில் முதல் பாதி நன்றாக வந்தது. மற்றப் பாதியில் வளைக்கும்போது சைட்கார்ச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நான் பிடித்து அமுக்கும் முன் வண்டி என்னை வலப்பக்கம் தள்ளிவிட்டு மேலே சாய்ந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். துரை காகிதத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டார்.

எனக்கு விளங்காதது இதுதான். தினமும் காலையில் நஸீமைச் சைட்காரில் உட்கார வைத்துக்கொண்டு அதே மைதானத்தில், தெருவில் இல்லாததால் லைசன் உள்ளவர் இல்லாமலே, அதே எட்டைப் போடுகிறேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. அவன் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே வருகிறான். துரை முன்னால் தனியாகப் போனால்தான் வண்டிக்குக் கொம்பு முளைக்கிறது. மெக்கானிக்கிடம் காட்டி எல்லா ஆணியையும் இறுக்கியாகிவிட்டது. றமீஸா ராத்தா கண்ணூறு என்கிறார், ஓதிய நூல் ஒன்றைக் கைபிடியில் கட்டியிருக்கிறார்.

நான் ஒருவன் மட்டும் இல்லை. மைதானத்து மரத்தடியில் நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பேக்கரிக்காரர் ஒருவர், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இருளப்பன், துணிக்கடை ஆட்கள், எல்லோரும் சைட்காரில் சாமானோ தம்பியோ வைத்துப் பழகியவர்கள். சித்திரைக்கு முந்தி வந்திருந்தால் எல்லோரும் வாவியைச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இப்போது வருவதும் விழுவதும்தான். இருளப்பன் நல்ல மனிதர். லைசன் எடுத்தால் மேல் டிவிஷனுக்கு மாற்றித் தருவதாகத் தோட்டத்துத் துரை சொன்னாராம், அவருக்கும் அதுதான் கவலை.

மூன்றாவது தவணை ஜூன் ஒன்பதாம் திகதி. அதுவும் போனால் வேலை றிஸ்விக்கு. அவனுக்குக் கீழே சிம்னிக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டு நான் இருக்கமாட்டேன். கொழும்புக்குப் போய்விடுவேன். போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் கை கால் கழுவும் ஹவுளடியில் மக்கீன் என்னிடம், காரியத்தைப் பெரியவர்களை வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றான். உனக்கும் அதுதான் விருப்பமா என்று தெரியவில்லை. விருப்பமானால் கொழும்புக்குப் போகும் முன் வந்து தலாக்கைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஹாஷிம்

*

கலகெதர,
25-5-1936

மச்சானுக்கு,

ஸலாம். மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கனமானதைத் தூக்காதீர்கள்.

மக்கீன் நானா பள்ளிவாசலில் பேசியது எனக்குத் தெரியாது. நேற்றுக் கேட்டேன். “ஓம், சொன்னேன்தான். உன்ன நாலு பேருக்கு முன்னால பேசினவனோட உனக்கு இன்னும் என்ன ஈக்குது?” என்றார். அதற்கான பதிலை உங்களிடம் சொல்கிறேன்: என் விருப்பம் அது இல்லை. ஆனால் நீங்கள் கொழும்புக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகும் பொருளாகவும் நான் இருக்கமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு முறையும் விழுந்தது இடப்பக்கம் வளைக்கும்போதுதானே? வலப்பக்கம் வளைக்கும்போது ஒன்றும் ஆகவில்லை, அப்படித்தானே?

அப்படியானால் ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஆணியிலும் இல்லை, கண்ணூறிலும் இல்லை. நூலை அவிழ்த்துவிடுங்கள், மழையில் சாயம் போய்க் கையெல்லாம் கறையாகும். காரணம் என்ன என்பதை நான் எழுத உட்கார்ந்து, இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டேன். ஏன் கிழித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சொன்னால் உங்களுக்கு லைசன் கிடைக்கும், வேலை கிடைக்கும். பிறகு றமீஸா மதினி வீட்டில் அந்தப் பேச்சு அப்படியே கிடக்கும். நான் ஏறியதால்தான் வரவில்லை, நான் இறங்கியதும் வந்துவிட்டது என்று நாலு பேரும் நினைப்பார்கள். மதினி அதைப் பெருநாளுக்குப் பெருநாள் சொல்லிச் சிரிப்பார். அந்த வீட்டில் எப்படிக் காலை வைப்பேன்?

நபிகள் பிறந்த மவ்லூது மாதம் வந்துவிட்டது. வீட்டில் ஓதல் நடக்கிறது. இந்த மாதத்தில் மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றைப் பேசக்கூடாது என்று உம்மா சொல்கிறார். அதனால்தான் இவ்வளவும் மறைக்காமல் எழுதுகிறேன். தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். எப்படிக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

ருக்கியா

*

கண்டி,
31-5-1936

ருக்கியாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தை இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் முழுதாக ஆறவில்லை.

திரைக்குள்ளே உட்கார்ந்து வந்தவளுக்கு என்ன தெரியும்? கைபிடி எது, கிளச் எது என்றுகூட நீ கேட்டதில்லை. இடப்பக்கம் என்று சொன்னாய், சரிதான். அதை நஸீமிடமிருந்து யாராவது கேட்டு வந்து உன்னிடம் சொல்லியிருப்பார்கள். புருஷன் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும்போது எனக்குக் காரணம் தெரியும், ஆனால் சொல்லமாட்டேன் என்று ஒரு பெண் எழுதுவாளா? நான் கெஞ்சமாட்டேன். என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன்.

போன செவ்வாய் இருளப்பனுக்கு இரண்டாவது தவணை. மைதானத்தில் எப்படியோ சமாளித்துவிட்டார். ஹந்தானை இறக்கத்தில், பெரிய பலாமரத்துக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறதே, அங்கே வண்டியோடு சரிவில் போய்விட்டார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய பெண்சாதி ரத்தினம்மா மலையிலிருந்து ஓடிவந்து, கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். பார்க்க முடியவில்லை. நான் சாப்பிடப் பேக்கரிப் பாண் வாங்கிக் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வளைவும் இடப்பக்கம்தான்.

நஸீம் ஒரு வழி சொல்கிறான். மெதுவாகத் தயங்கித் தயங்கி வளைப்பதால்தான் வண்டி ஆடுகிறதாம். வேகத்தைக் குறைக்காமல் ஒரே வெட்டாக வளைத்து எடுத்துவிட்டால் எழும்புவதற்கு நேரமே இருக்காதாம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அவனை ஏற்றிக்கொண்டு நேற்று அப்படிச் செய்து பார்த்தேன், வண்டி அசையவே இல்லை. ஒன்பதாம் திகதி ஹந்தானை இறக்கத்திலும் அப்படியே செய்யப்போகிறேன்.

பிறகு நடப்பது நடக்கட்டும். உம்மாவுக்கு என் ஸலாம்.

ஹாஷிம்

*

கலகெதர,
7-6-1936

மச்சான்,

வேகமாக வளைக்காதீர்கள். அல்லாஹ்வுக்காக, வேகமாக வளைக்காதீர்கள். மற்றதை வாசிக்க நேரம் இல்லாவிட்டாலும் இதை மட்டும் வாசித்துவிடுங்கள்.

தபாலை நம்ப முடியாது என்று இதை மக்கீன் நானா கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் மாட்டேன் என்றார். அவன் விழுந்தால் விழட்டும் என்றார். அப்படியானால் நானே பஸ் ஏறிப் போகிறேன் என்று செருப்பை மாட்டினேன். கடிதத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இனிச் சொல்கிறேன். முதல் வாரத்தில் ஒரு நாள், வாவிக்கரையில் இடப்பக்கம் திரும்பும்போது நான் உட்கார்ந்திருந்த பெட்டி கீழிருந்து தூக்கியது. சக்கரம் தரையில் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்தது. பயத்தில் வெளிப்பக்கம், உங்களை விட்டு விலகிச் சாய்ந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி இறங்கிவிட்டது. அடுத்த வளைவிலும் தூக்கியது, அடுத்த வளைவிலும் சாய்ந்தேன். பிறகு அது பழகிவிட்டது. இடப்பக்கம் வளைவு வருகிறது என்றால், உங்கள் கை திரும்பும் முன்பே நான் சாய்ந்துவிடுவேன். மூன்று மாதமும் அப்படித்தான் ஓடியது. திரைக்குள்ளே இருந்ததால் நீங்களும் பார்க்கவில்லை, நானாவும் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பவர் செய்ய வேண்டிய வேலை அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் சொல்லவில்லை.

என் உடம்பு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அதனால் நான் சாய வேண்டியிருந்தது. நஸீமின் வயிற்றுக்கு அவன் சும்மா உட்கார்ந்தாலே போதும். பரீட்சையில் அந்தப் பெட்டியில் யாரும் இல்லை. காலியாக இருந்தால் அது எழும்பத்தான் செய்யும். வேகமாகப் போனால் இன்னும் எழும்பும். நம் ஆட்கள் ஒருவரும் காலிப் பெட்டியை ஓட்டியதே இல்லை, அதனால்தான் ஒருவருக்கும் இது தெரியவில்லை. இருளப்பனுக்கும் இதுதான் நடந்தது. நான் முந்தியே சொல்லியிருந்தால் அது உங்கள் மூலம் அவருக்கும் போயிருக்குமோ என்று ரத்தினம்மாவை நினைத்து அழுதேன்.

நீங்கள் அன்று சொன்னதில் பாதி உண்மை. நான் ஏறியதால்தான் நீங்கள் காலிப் பெட்டியை ஓட்டப் பழகவில்லை. ஆனால் நான் ஏறியதால்தான் நீங்கள் இத்தனை நாள் கவிழாமலும் இருந்தீர்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். இடப்பக்க வளைவு வரும் முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். நீங்கள் மெதுவாக வந்த நாட்களில் பெட்டி தூக்கியதில்லை. வளையும்போது நேராக நிமிர்ந்து உட்காராதீர்கள், இடப்பக்கம் பெட்டியின் மேலாகச் சாயுங்கள். என்னிடம் பேசுவதற்குச் சாய்வீர்களே, அவ்வளவு.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கோபம் அப்படியே இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தால்தானே நான் கோபித்துக்கொள்ள முடியும்.

துஆச் செய்கிறேன்.

ருக்கியா

*

கண்டி,
10-6-1936

என் ருக்கியாவுக்கு,

ஸலாம். லைசன் கிடைத்துவிட்டது. கை கால் எல்லாம் இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

மக்கீன் திங்கட்கிழமை கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்றேன், வரவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டு, “அவ அழுதுட்டு ஈக்கிறா. வாசி” என்றான். விளக்குப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று வாசித்தேன். வாசித்துக்கொண்டே வரும்போது அந்த மூன்று மாதக் காலைகளும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. ஒவ்வொரு இடப்பக்க வளைவிலும் திரைத்துணி வெளிப்பக்கமாகப் புடைக்கும். காற்று என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ருக்கியா. அழுகையும் வந்தது, நஸீம் பார்க்கிறான் என்று சிம்னித் தூசி கண்ணில் விழுந்ததாகச் சொன்னேன்.

நேற்றுக் காலை தூறல். மைதானத்தில் புல் வழுக்கியது. துரை குடைக்குள் நின்றார். மரத்தடியில் பதினைந்து, இருபது பேர் நின்றார்கள். மக்கீன் ஊருக்குத் திரும்பாமல் ராத்திரி பள்ளிவாசலில் தங்கி, அவனும் அந்தக் கூட்டத்தில் வந்து நின்றான்.

எட்டின் மற்றப் பாதி வந்தது. வேகத்தைக் குறைத்தேன். வளைக்கத் தொடங்கியதும் சக்கரம் மெல்ல எழும்பியது. உடம்பு தன்னால் விறைத்துக்கொண்டு நிமிரப் பார்த்தது, இரண்டு முறையும் அப்படித்தான் நிமிர்ந்திருக்கிறேன். நீ எழுதியது ஞாபகம் வந்தது. திரைப் பக்கம் குனிந்து சாய்ந்தேன். வாய் தானாகக் கேட்டுவிட்டது, “பயமா ஈக்குதா?” என்று. சக்கரம் இறங்கிவிட்டது.

ஹந்தானை ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தேன். பலாமரத்து வளைவில் இருளப்பனின் வண்டி கிழித்துப்போன மண் இன்னும் சிவப்பாகக் கிடந்தது. அங்கேயும் மெதுவாக வந்து, சாய்ந்து, உன்னிடம் கேட்டேன். கீழே வந்து சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கையெழுத்துப் போடும்போது துரை கிளார்க்கிடம் ஏதோ கேட்டார். கிளார்க் என்னிடம், காலிப் பெட்டியோடு யாரிடம் பேசினீர் என்று துரை கேட்கிறார் என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உரத்துச் சொன்னேன்:

“என்ட பொஞ்சாதியோட. அவ இடப்பக்கம் சாஞ்சு குடுத்துத்தான் எனக்கு இத்தன நாளும் வண்டி ஓடிச்சு. அது தெரியாம நான் அவளப் பேசிட்டேன்.”

துரைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது, சிரிக்கவில்லை. மக்கீன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மரத்தடியில் நின்றவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு எப்படிச் சாய்வது, எவ்வளவு சாய்வது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேக்கரிக்காரருக்கு உடனே செய்து காட்டினேன், அவர் எட்டைப் போட்டு முடித்துவிட்டார். மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் இருளப்பனிடமும் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, “அப்படியாங்க” என்றார். பிறகு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

றமீஸா ராத்தா வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்த நாலு பேரிடம் உன்னை வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

வேலை எனக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் ஜூன் இருபத்திரண்டு திங்கட்கிழமை சைட்கார் ஆசனத்தையும் திரையையும் கழற்றிவிட்டு, சிம்னி ஏற்ற மரப்பெட்டி பூட்டப்போகிறார்கள். அதற்கு முந்திய ஞாயிறு ஒரு நாள் மட்டும் வண்டியை எனக்காகக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆசனமும் திரையும் இருக்கும். நடுப்பகல் லுஹருக்கு முன்னால் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். ஹோன் அடிக்கமாட்டேன், யாரையும் அனுப்பமாட்டேன். நீ வந்து ஏறினால் கூட்டிக்கொண்டு வருகிறேன். வராவிட்டால் கோபிக்காமல் திரும்பிவிடுகிறேன். உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது.

ஹாஷிம்

*

கலகெதர,
16-6-1936

மச்சானுக்கு,

ஸலாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வர வேண்டாம்.

மக்கீன் நானா எல்லாவற்றையும் சொன்னார். கண்டியில் துரைக்கு முன்னால் நீங்கள் பேசியதை உம்மாவிடம் சொல்லும்போது அவருக்கே குரல் தழுதழுத்தது, பிறகு அதை மறைக்க என்னிடம் தேத்தண்ணீரில் சீனி இல்லை என்று சண்டை பிடித்தார். பெரியவர்களை வைத்துப் பேசும் பேச்சை அவர் இனி எடுக்கமாட்டார். ரத்தினம்மாவுக்கு உம்மா அரிசியும் கருவாடும் கட்டிவைத்திருக்கிறார்.

நீங்கள் கடிதத்தில் எழுதியதை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். தாள் மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.

ஆனால் மச்சான், போகம்பறை எட்டும் ஹந்தானையில் ஒரு வளைவும் போட்டுவிட்டால் கலகெதர இறக்கம் வந்துவிடாது. பஸ்ஸிலே வரும்போதே நான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று விட்டு ஒன்று இடப்பக்கம்தான், கீழே பாறை. மழையும் விட்டபாடில்லை. முதல் லைசன் கையில் வாங்கிய சந்தோஷத்தில், என்னைப் பார்க்கும் அவசரத்தில், அவ்வளவு தூரம் காலிப் பெட்டியோடு இறங்கி வருவீர்கள். நான் வாசலில் நின்று எஞ்சின் சத்தம் வருகிறதா வரவில்லையா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். அது என்னால் முடியாது.

அதனால் சனிக்கிழமை மாலை நானே பஸ்ஸில் கண்டிக்கு வருகிறேன். மக்கீன் நானா கூட்டிவருகிறார். நேராக றமீஸா மதினி வீட்டுக்கு வருவோம். அவருடைய மாப்பிள்ளையும் இருக்கட்டும், றிஸானாவைத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள், சுருக்கமாகப் போதும். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்கமாட்டேன்.

ஞாயிறு காலை என்னை ஏற்றிக்கொண்டு உம்மாவைப் பார்க்க வாருங்கள். மகள் புருஷனோடு வந்து இறங்குவதை உம்மா பார்க்க வேண்டும். வழியில் வளைவுகளில் நீங்கள் உங்கள் பக்கத்தைச் செய்யுங்கள், நான் என் பக்கத்தைச் செய்கிறேன். கேட்க வேண்டியதையும் கேளுங்கள். திங்கட்கிழமை அவர்கள் ஆசனத்தைக் கழற்றட்டும், எனக்கு வருத்தமில்லை. திரையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள், நல்ல துணி.

சனிக்கிழமைவரை அந்தப் பெட்டியைக் காலியாக ஓட்டாதீர்கள்.

உங்கள்,
ருக்கியா